இரட்டை எட்டாம் மாதம்

ஹனோய்
ஏழாம் பிறைமாதம், இருபத்தைந்தாம் நாள், 1995

அன்புத் தங்கை லுவாவுக்கு,

அக்கா சென் எழுதுவது. புத்தரின் அருளால் இங்கே நலம். நீயும் உன் கணவர் தாமும் நலமா என்று கேட்டு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். நீ தெற்கே போனதிலிருந்து புத்தாண்டு அட்டையில் ஆளுக்கு இரண்டு வரி, கீழே பெயர், அவ்வளவோடு நிறுத்திக்கொண்டோம். நேற்று அந்த அட்டைகளை எடுத்து அடுக்கினேன். நான் அனுப்பியவை பதினேழு. உன்னிடமிருந்து வந்தவை பதினாறு. எண்பத்தைந்தாம் வருடத்து அட்டை தபாலில் தொலைந்திருக்கும் என்று அப்போதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று விடியற்காலை ஐந்து பத்துக்கு முதல் காற்று வந்தது. நான் முற்றத்தில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன். கழுத்துக்குப் பின்னால் யாரோ ஈரமில்லாத விரலால் தொட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. அந்த ஒரு தடவைதான் வீசியது. எட்டு மணிக்கெல்லாம் பழையபடி புழுக்கம். ஆனால் வந்தது வந்ததுதான், குறித்துக்கொண்டேன். போன வருடத்தைவிட நான்கு நாள் முந்தி.

அந்த நோட்டு உனக்கு நினைவிருக்கிறதா? முதல் காற்று, ஏழிலைப்பாலைப் பூவின் முதல் வாசனை, பச்சை அவல்காரியின் முதல் குரல், பெட்டியிலிருந்து கம்பளிச்சட்டை எடுத்த நாள் என்று குளிர்காலம் வரும்வரை எழுதுவேனே. "மழை வந்தா நனையணும், காத்து வந்தா சிலிர்க்கணும். நீ ஏன்க்கா ரெண்டுக்கும் ரசீது எழுதுற?" என்று கேலி செய்வாய். இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். இது ஏழாவது நோட்டு.

எழுதத் தொடங்கிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயிலில் பஞ்சாங்கம் பார்த்தேன். இந்த வருடம் அதிக மாதம் எட்டாம் மாதத்தில் விழுகிறது. இரண்டு எட்டாம் மாதம், இரண்டு பௌர்ணமி. அவலும் ஹோங் பழமும் செவந்தியும் ஒரு மாதம் கூடுதலாக இருக்கும். இதற்கு முன் இப்படி வந்தது எழுபத்தாறில். அந்த வருடத்தைப் பற்றி இங்கே எழுத வரவில்லை. அடுத்த இரட்டை எட்டு எப்போது என்று மூத்த துறவியம்மாவிடம் கேட்டேன். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்கு நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன், போய் விளக்கு ஏத்து" என்றார்.

எனக்கு ஐம்பத்திரண்டு, உனக்கு நாற்பத்தைந்து. ஒரே ஒரு இலையுதிர் காலத்துக்கு வந்துவிட்டுப் போ, லுவா. வேறு எதுவும் கேட்கவில்லை.

உன் அக்கா,
சென்


சைகோன்
ஆகஸ்ட் 27, 1995

அக்கா,

நீ பிறை பார்த்துத் தேதி போடுகிறாய், நான் சுவர்க் காலண்டரைப் பார்த்துப் போடுகிறேன். சேர்ந்து வாழ்ந்த காலத்திலேயே நமக்குள் ஒத்துப்போகாத சங்கதிகளில் இதுவும் ஒன்று.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை என் வீட்டுக்காரர் தாம் வாங்கி, சத்தமாகப் படித்தார். அவர் தெற்கத்தி ஆள். மழை, வெயில், இந்த இரண்டைத் தவிர மூன்றாவது பருவம் எதற்கு என்று இன்றுவரை அவருக்குப் புரியவில்லை. "ஈரமில்லாத விரலாம், கழுத்துலயாம். உங்க ஊர்ல ஒரு காத்து வந்தா போலீசுல எழுதி வைக்கிற மாதிரி எழுதி வைக்கிறீங்க. இலை விழுந்தா பெருக்கணும். இதுல கண்ணுல தண்ணி விட என்ன இருக்கு?" என்றார். கண்ணில் தண்ணீர் விட்டது நான் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. இங்கே வந்து இரண்டாம் வருடம் பழைய குளிர்பெட்டி ஒன்று வாங்கினோம். அக்டோபரில் ஒருநாள் சமையல் வேலையை விட்டுவிட்டு அதன் கதவைத் திறந்து முகத்தை உள்ளே வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணை மூடினால் ஏரிக்கரை. அப்போது தாம் வந்துவிட்டார். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, வேறு பொய் தோன்றாமல், இலையுதிர் காலம் பார்க்கிறேன் என்றேன். "சரி, பார்த்தாச்சுன்னா மூடு. கரண்ட்டு ஓடுது" என்றார். அன்று முதல் ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு தடவை, "இன்னும் திறக்கலையா?" என்று கேட்கிறார்.

சந்தையில் வடக்கத்திக்காரி ஒருத்தி பச்சை அவல் விற்கிறாள். சாயம் போட்டது, விரலில் ஒட்டுகிறது. தாமரை இலை கிடையாது, வாழை இலையில் கட்டி ரப்பர் போடுகிறாள். வைக்கோல் எங்கேம்மா என்று கேட்டேன். "அவலத் தின்னப் போறியா, வைக்கோலத் தின்னப் போறியா?" என்கிறாள். வாங்கி வந்து தின்றேன். தின்னும்போது உன்மேல் கோபம் வந்தது.

அந்த வருடத்தைப் பற்றி எழுத வரவில்லை என்கிறாய். நீ எழுதாவிட்டால் நான் எழுதுகிறேன். எழுபத்தாறு, இரண்டாவது எட்டாம் மாதம். டிராம் வண்டியில் டிக்கெட் கொடுத்த துவானுக்கும் எனக்கும் பேச்சு இருந்தது உனக்குத் தெரியும். அவன் அம்மா அவல் இடிக்கும் வோங் ஊரிலிருந்து தலைச்சுமையாய் வந்து விற்பவள். அவள் ஒரு விடிகாலையில் நம் வாசலில் கூடை வைத்துவிட்டுப் போனாள். பெண் வீட்டார் அந்தக் கூடையைப் பிரித்துச் சந்து முழுக்க ஒரு பிடி, ஒரு பிடி என்று பகிர்ந்தால் சம்மதம் என்று அர்த்தம். நீ அதை அப்படியே கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படைத்துவிட்டு வந்தாய். சந்தில் ஒரு வீட்டுக்கும் ஒரு பிடி அவல் போகவில்லை. அவள் மூன்று நாள் பார்த்தாள். நாம் மறுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். புத்தாண்டுக்குள் துவானுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டது, கூடை வந்ததே எனக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் கேட்டபோது நீ சொன்ன பதில் எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது. "வெறும் அவல்தான் இருந்துச்சு. ஹோங் இல்லை. அதிக மாசத்துல யாரு சம்பந்தம் பேசுவா? கோயிலுக்குக் காணிக்கைன்னு நினைச்சேன்." நானும் ஒத்துக்கொண்டேன். பச்சை அவலோடு சிவந்த ஹோங் சேர்ந்து வந்தால்தான் அது பெண் கேட்கும் கூடை. வெறும் அவல் வெறும் அவல்தான். அவசரத்தில் அவள் பழம் வாங்காமல் விட்டிருப்பாள், அக்கா தெரியாமல் செய்துவிட்டாள் என்று பத்தொன்பது வருடமாக எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சில நாள் நம்புகிறேன். சில நாள் முடிவதில்லை.

துவானுக்காக இதை எழுதவில்லை. தாமோடு எனக்கு ஒரு குறையும் இல்லை, அவருடைய குறட்டையைத் தவிர. நீ என்னிடம் உண்மை பேசினாயா என்பதுதான் எனக்கு வேண்டும்.

இருந்தாலும் வருகிறேன். எட்டாம் மாதப் பௌர்ணமிக்கு. தாம் ரயிலுக்குச் சொல்லிவிட்டார்.

லுவா


ஹனோய்
எட்டாம் பிறைமாதம், ஏழாம் நாள்

அன்புத் தங்கை லுவாவுக்கு,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. தபால்காரன் போன பிறகும் வாசலிலேயே நின்றிருந்தேன் போலிருக்கிறது. எதிர்வீட்டு மாவ் பெரியம்மா, "என்னடி, வீட்டுக்குள்ள வழி மறந்துடுச்சா?" என்று கேட்டாள். லுவா வருகிறாள் என்றேன். அவளுக்கு வயது எழுபத்தெட்டு, காது மந்தம். ஆனால் இது மட்டும் கேட்டுவிட்டது. மாலைக்குள் சந்து முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

நீ வருவதற்குள் ஆக வேண்டியவற்றைப் பட்டியல் போட்டேன். உன் கட்டிலுக்குப் புது ஓலைப்பாய். அப்பாவின் கம்பளிச்சட்டையை வெயிலில் போட்டேன், அந்துருண்டை வாசனை இன்னும் போகவில்லை. விடியற்காலையில் முற்றத்துக்கு வரும்போது நீ அதைத்தான் போட்டுக்கொள்வாய் என்று தெரியும், சைகோனிலிருந்து என்னத்தைக் கொண்டுவரப் போகிறாய். தலைக்குத் தேய்க்கச் சீயக்காயோடு சேர்த்துக் காய்ச்சப் பம்பளிமாஸ் தோல் காய வைத்திருக்கிறேன். விதைகளையும் உரித்துக் கம்பியில் கோத்துக் கூரையில் தொங்கவிட்டேன். சின்ன வயதில் பௌர்ணமியன்று அதைக் கொளுத்திக்கொண்டு ஓடுவாயே, படபடவென்று நீலமாக எரியுமே. நாற்பத்தைந்து வயதுக்காரி ஓட மாட்டாள்தான். கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

அவல்காரி வர ஆரம்பித்துவிட்டாள். முதல் குரல் எட்டாம் மாதம் மூன்றாம் நாள், காலை ஆறு நாற்பது. இப்போது வருவது சின்னப் பெண், மிதிவண்டியில் வருகிறாள், ஆனால் தாமரை இலையும் ஒற்றை வைக்கோலும் மாறவில்லை. மூன்று விரலால் கொஞ்சமாகக் கிள்ளி, மெல்ல மென்று, புள்ளி விழுந்த வாழைப்பழத்தைத் தொட்டுக்கொண்டு சாப்பிடலாம். நீ எப்போதும் கை நிறைய அள்ளுவாய். அப்பா, "அவளுக்கு அவல் குடுக்காதே, சோறு குடு" என்பார். நான்கு கட்டு சொல்லி வைத்திருக்கிறேன்.

ஹோங் பழமும் வந்துவிட்டது. நான் சாப்பிடுவதில்லை என்பது உனக்குத் தெரியும், பத்தொன்பது வருடமாகப் படைப்பதோடு சரி. கோயிலில் என்னைப் பற்றி, சென் ஒரு பழத்தையே விட்டு நோன்பு இருக்கிறாள் என்று பேசிக்கொள்கிறார்கள். உனக்காக ஆறு வாங்கி அரிசிப் பானையில் புதைத்திருக்கிறேன், பௌர்ணமிக்குச் சரியாகக் கனியும். காம்பில் இலையோடு, பனி காயாமல், அன்றைக்கு அந்தக் கூடையில் இருந்த ஆறைப் போலவே அழகான பழங்கள். எடுத்ததும் கையில் ஜில்லென்றது.

பழையதைப் பற்றி நீ கேட்டிருந்தாய். நேரில் பேசுவோம். இப்போது வந்து சேர், அது போதும். ரயில் நிலையத்துக்கு நானே வருகிறேன்.

உன் அக்கா,
சென்


ஹனோய்
எட்டாம் பிறைமாதம், பதினாறாம் நாள்

லுவா,

பதினான்காம் நாள் காலை ரயிலுக்குப் போனேன். கடைசிப் பெட்டிவரை நடந்து பார்த்தேன். ஒருவேளை அடுத்த ரயிலோ என்று மாலையும் போனேன். நேற்றுக் காலையும் போனேன். மூன்றாவது தடவை வாசலில் டிக்கெட் கேட்பவர், "யாரம்மா வரணும்?" என்றார். தங்கை என்றேன். "சண்டையா?" என்றார். ஒருவருக்கும் தெரியாத விஷயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது முகத்திலேயே எழுதியிருக்கும் போலிருக்கிறது.

பௌர்ணமித் தட்டு வைத்தேன். பம்பளிமாஸ் சுளைகளால் நாய் செய்தேன், நீ செய்வதுபோல் மிளகுக் கண் வைத்து. காது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. மாவ் பெரியம்மா வந்து பார்த்தாள். "வராதவளுக்கு எதுக்குடி நாயி? நாயாவது வாசலைப் பார்த்து உக்காந்திருக்கு, உனக்கென்ன?" என்றாள். திட்டிக்கொண்டேதான் என்னோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நிலா நன்றாக இருந்தது. விதைச் சரத்தை நான் கொளுத்தவில்லை.

நான்கு கட்டு அவலையும் பகலுக்குள் சாப்பிட ஆள் இல்லை. காய்ந்துவிட்டது. நீ உடம்புக்கு ஏதும் முடியாமல் இருக்கிறாயோ என்று கவலைப்பட்டேன். தாமாவது ஒரு தந்தி கொடுத்திருக்கலாம். கொடுக்காததால் உனக்கு ஒன்றுமில்லை என்று புரிகிறது. ஒன்றுமில்லாமலேயே வரவில்லை என்றும் புரிகிறது.

நான் என்ன தவறாக எழுதிவிட்டேன் என்று தெரியவில்லை.

சென்


சைகோன்
செப்டம்பர் 17, 1995

அக்கா,

எட்டாம் மாதப் பௌர்ணமி என்றுதானே எழுதினேன், இந்த வருடம் இரண்டு இருக்கிறதே, நான் சொன்னது இரண்டாவதை, நீயாக முதலாவது என்று நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய? இப்படி எழுதி அனுப்பலாம் என்று நினைத்தேன். எழுதியும் விட்டேன். தாம் படித்துவிட்டு, "நல்லா இருக்கு. பஞ்சாங்கத்தையே சாட்சிக்கு இழுக்கறே" என்றார். கிழித்துப் போட்டேன்.

நான் ரயில் நிலையம் வரை வந்தேன், அக்கா. பெட்டி, தாமுடைய மழைக்கோட்டு, உனக்கு இரண்டு கிலோ காய்ந்த இறால், எல்லாம் எடுத்துக்கொண்டு. கிளம்பும் அன்று மதியம் உன் கடிதம் வந்தது. வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, ஆசையாக, ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பாய், சட்டை, விதைச் சரம். சிரித்துக்கொண்டே படித்தேன். பிறகு ஹோங் பழம்.

"அன்றைக்கு அந்தக் கூடையில் இருந்த ஆறைப் போலவே."

நீ எழுதியதுதான். மறுபடி படித்துப் பார். உன் கையெழுத்து, உன் கணக்கு. நாலு என்றோ ஐந்து என்றோகூட இல்லை, ஆறு. பனி காயாமல். காம்பில் இலையோடு.

வெறும் அவல்தான் என்று சொன்னாயே.

ரயில் வந்தது. தாம் பெட்டியைத் தூக்கினார். நான் எழுந்திருக்கவில்லை. கடிதத்தைக் காட்டினேன். அவர் அந்த வரியைப் படித்தார். அவருக்கு அவலும் தெரியாது, ஹோங்கும் தெரியாது, அதைத் தக்காளி என்றுதான் சொல்வார். ஆனால் புரிந்துகொண்டார். "ஏறு. திட்டணும்னா நேர்ல போய்த் திட்டு. இங்கேருந்து திட்டினா ஒரு வாரம் கழிச்சுதான் கேக்கும்" என்றார். என்னால் முடியவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் கேட்க மாட்டேன், நீ தட்டில் பழத்தை வைப்பாய், நான் தின்பேன், அப்படியே போய்விடும் என்று பயமாக இருந்தது. வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். இறால் மட்டும் மணத்தது.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். விளக்கம் வேண்டாம், சூத்திரம் வேண்டாம், அதிக மாதம் வேண்டாம். எழுபத்தாறாம் வருடத்து நோட்டு உன்னிடம் இருக்கும். நீ எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. அந்த நாளுக்கு என்ன எழுதியிருக்கிறாய்? அதை அப்படியே, ஒரு எழுத்து விடாமல் பார்த்தெழுதி அனுப்பு. ஒன்றுமே எழுதவில்லை என்றால் அதையும் சொல்.

லுவா


ஹனோய்
இரண்டாவது எட்டாம் பிறைமாதம், முதல் நாள்

லுவா,

இன்று முதல் நாள், கோயிலுக்குப் போக வேண்டும். போகவில்லை. இதை எழுதி முடிக்காமல் அங்கே போய் நிற்க முடியாது.

நோட்டு இருக்கிறது. இரண்டாவது நோட்டு, நீல அட்டை. நீ கேட்டபடி பார்த்தெழுதுகிறேன்.

"இரண்டாம் எட்டாம் மாதம், ஒன்பதாம் நாள். காலை 5:30. பனி உண்டு. காற்று வடக்கு. துவானின் அம்மா. அவல் 2 கட்டு, கோயிலுக்கு. ஹோங் 6, அரிசிப் பானையில். லுவா தூங்குகிறாள்."

அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். வாயால் உன்னிடம் பொய் சொன்னேன். நோட்டில் பொய் எழுதக் கை வரவில்லை. நீ ஒரு நாளும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்துவிடுவாய் என்று இரண்டு வருடம் பயந்தேன். நீ தெற்கே போன அன்று, இனி பார்க்க மாட்டாய் என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அவள் சுமையை இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை முழுக்க உமி வாசனை. "பெரிய பொண்ணே, அதிக மாசம்னு பாக்காதே, நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல. உன் அப்பாவுக்கு முடியலைன்னு பையன் சொன்னான். அதான் சீக்கிரமா வந்தேன். நல்ல பதிலாச் சொல்லும்மா" என்றாள். எல்லாவற்றையும் அவளே சொன்னாள். நான் தவறாகப் புரிந்துகொள்ள அவள் இடமே வைக்கவில்லை.

அப்பா அந்த வசந்தத்தில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது. பகலில் நான் பார்த்துக்கொள்வேன், துணி மாற்றுவேன், கஞ்சி ஊட்டுவேன். ஆனால் சாயங்காலம் நீ பட்டறையிலிருந்து வந்து வாசலில் குரல் கொடுத்தால்தான் அவர் முகத்தில் உயிர் வரும். நீ டிராமில் பார்த்ததை எல்லாம் நடித்துக் காட்டுவாய். அவர் ஒரு பக்க வாயால் சிரிப்பார். நானும் சிரிப்பேன். நீ போய்விட்டால் அந்த வீட்டில் யார் சிரிப்பது என்று நினைத்தேன். வாசலில் கூடையோடு நின்றுகொண்டு அதைத்தான் நினைத்தேன்.

அது மட்டும் என்று எழுதினால் மறுபடியும் பொய். எனக்கு அப்போது முப்பத்து மூன்று. எனக்காக ஒரு கூடையும் அந்த வாசலுக்கு வரவில்லை. பழங்கள் அவ்வளவு சிவப்பு, அவல் அவ்வளவு பச்சை. பார்க்கப் பார்க்க ஆத்திரமாக இருந்தது.

அவலைக் கோயிலுக்கு எடுத்துப் போனேன். பழத்தைக் கொண்டுபோகப் பயம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் துறவியம்மா, யாருக்குக் கல்யாணம் என்று கேட்பார். அதனால் அரிசியில் புதைத்தேன். ஆறு நாளில் ஒவ்வொன்றாகக் கனிந்தது. ஐந்து பழத்தை அப்பாவுக்குக் கரண்டியால் ஊட்டினேன். ஏது என்று கண்ணால் கேட்டார். கோயிலில் கொடுத்தார்கள் என்றேன். ஒருநாள் அவர் மோவாயில் வழிந்ததை நீ உன் சட்டை நுனியால் துடைத்தாய்.

ஆறாவதை நீ தின்றாய். உனக்கு நினைவில்லாமல் இருக்கலாம், எனக்கு நினைவிருக்கிறது. பட்டறையிலிருந்து பசியோடு வந்து, பானையில் அரிசி எடுக்கப் போய்க் கையில் தட்டுப்பட்டு எடுத்தாய். நின்றபடியே தின்றாய். "அக்கா, இந்த வருஷம் ஹோங் என்ன தித்திப்பு" என்றாய். விரலை நக்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பானைக்குள் துழாவினாய்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பழத்தை வாயில் வைக்கவில்லை. அது நோன்பு இல்லை, லுவா. கோயிலில் எல்லோரும் நோன்பு என்று சொல்லும்போது நான் மறுத்ததும் இல்லை. அதையும் சேர்த்துக்கொள்.

உன் வாழ்க்கை நல்லபடியாக அமைந்துவிட்டதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன். தாம் நல்லவர் என்பதில் என் பங்கு ஒன்றும் இல்லை.

வா என்று கேட்க இப்போது எனக்கு வாய் இல்லை. செய்தி மட்டும் எழுதுகிறேன். முந்தாநாள் மாலை ஏழிலைப்பாலை பூத்துவிட்டது, ஏரிக்கரைத் தெரு முழுக்க மணக்கிறது. காலையில் கம்பளிச்சட்டை வேண்டியிருக்கிறது. முன்பு வாங்கிய ஆறு பழத்தையும் அழுகுவதற்குள் மாவ் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். இந்த மாதம் இருபத்தொன்பதாவது நாளோ முப்பதாவது நாளோ முடிந்துவிடும். அதன்பின் நமக்கு இரட்டை எட்டு கிடையாது.

சென்


(மடித்து, கதவின் நாதாங்கியில் செருகியது)

ஹனோய்
இரண்டாவது எட்டாம் பிறைமாதம், பௌர்ணமி, காலை 7:15

அக்கா,

பார், பிறைத் தேதி போட்டிருக்கிறேன். மணியும் போட்டிருக்கிறேன். உன் நோட்டில் ஒட்டிக்கொள்.

வந்துவிட்டேன். கதவு பூட்டியிருக்கிறது. பௌர்ணமியன்று காலையில் நீ எங்கே இருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? கோயிலுக்கே வந்திருப்பேன். ஆனால் அங்கே உன்னைப் பார்த்தால் இரண்டு பேரும் அழுது, துறவியம்மா நம்மை விளக்கேற்ற அனுப்பிவிடுவார். அதனால் படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

நாற்பது மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து, உன்னிடம் என்ன பேசுவது என்று வரிவரியாகத் தயார் செய்தேன். கடுமையான வரிகள். ரயில் ஏற்றிவிட வந்த தாமிடம் முதல் சில வரிகளைச் சொல்லிப் பார்த்தபோது, "மூணாவது வரி நல்லா உறைக்கும், அதை முதல்ல சொல்லு" என்றார். ஹனோயில் இறங்கியதும் கழுத்துக்குப் பின்னால் அந்தக் காற்று தொட்டது. மூன்றாவது வரி மறந்துவிட்டது. ஞாபகம் வந்ததும் கட்டாயம் சொல்வேன்.

ஆறாவது பழம் நினைவிருக்கிறது. அத்தனை தித்திப்பான ஹோங் அதற்குப் பிறகு தின்றதில்லை என்று தாமிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன், அது எந்தப் பழம் என்று தெரியாமலேயே. உன் கடிதத்தைப் படித்த அன்று அதை நினைத்து அழுதேன். பிறகு சிரிப்பும் வந்தது. என்னைக் கேட்டு வந்த கூடையை நானே நின்றபடி தின்று ஏப்பம் விட்டிருக்கிறேன்.

மிதிவண்டிக்காரப் பெண் வந்தாள். அவல் இரண்டு கட்டு வாங்கினேன். முக்குக் கடையில் ஹோங் ஏழு. படியிலேயே தாமரை இலையைப் பிரித்து வைத்து, வீட்டுக்கு ஒரு பிடியாகச் சந்தில் கொடுத்துவிட்டு வந்தேன், கோடிவரைக்கும். பழத்தையும் கீற்றுக் கீற்றாக அரிந்து கொடுத்தேன். மாவ் பெரியம்மா அவலைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இந்த வயசுல யாருக்குடி நிச்சயம்? உனக்குத்தான் புருஷன் இருக்கானே" என்று சந்து அதிரக் கேட்டாள். எழுபத்தாறில் தர வேண்டியது, பெரியம்மா, கொஞ்சம் தாமதம் என்று காதில் கத்தினேன். அவள் அவலை வாயில் போட்டு மென்றாள். பிறகு, "அப்பவே நினைச்சேன், கூடை வந்ததைப் பார்த்தேனே, ஒரு பிடிகூட வரலையேன்னு" என்றாள். பத்தொன்பது வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், அக்கா. அவளைப் போய் இத்தனை நாள் வாயாடி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதில் எழுதவில்லை. எழுதியிருப்பதாக நினைத்துக்கொண்டு வேகமாக ஓடி வராதே, உனக்கு மூச்சு வாங்கும்.

ஆறு பழம் பகிர்ந்தாயிற்று. ஏழாவது உனக்கு. அரியவில்லை, முழுதாக மடியில் வைத்திருக்கிறேன். நீ தின்பதை நான் பார்க்க வேண்டும்.

உனக்கென்று ஒரு பிடி அவலும் எடுத்து வைத்திருக்கிறேன். இலை பிரித்தாயிற்று, வெயில் ஏறினால் காய்ந்துவிடும். எனக்கும் பசிக்கிறது. குளிர்கிறது, அப்பாவின் சட்டை உள்ளே இருக்கிறது.

இதைச் செருகிவிட்டு எதிரே மாவ் பெரியம்மாவின் முற்றத்தில் போய் உட்காருகிறேன். சீக்கிரம் வா.

லுவா